658 கிலோ பாரை: எல்லா இயங்குதளத்திலும் ஓடும் சி நிரல் எழுதப் பழகுவோம்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் மீன் வாடி வைத்திருக்கும் ஒருவருக்கு சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். தராசில் வைத்த மீனின் எடையைக் கிராமில் தட்டினால் அதை ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும். பின்னேரம் மொத்தத்தைக் கூட்டிச் சொல்லும். அவ்வளவுதான். வாடியில் விண்டோஸ் மடிக்கணனி, என் வீட்டில் லினக்ஸ். நாலைந்து நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு கணக்குச் சரிபார்க்க அந்தக் கோப்பைப் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால், 658 கிலோ 728 கிராமில் ஒரு பாரை. அதற்கு அடுத்ததாக 384 கிலோவில் ஒரு விளைமீன். வாடிக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைக் கரைக்கு இழுக்க கிரேன் எல்லோ வேணும்?" என்றார்.

இரண்டு இடத்திலும் ஒரே கோட். இரண்டிலும் சத்தமில்லாமல் கம்பைல் ஆனது. நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை விண்டோஸ் ஒரு மாதிரியும் லினக்ஸ் வேறு மாதிரியும் தன்பாட்டுக்கு முடிவெடுத்துக்கொண்டன. சி மொழியில் வரும் இப்படியான கரைச்சல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றின் சூட்டை வைத்து மற்றதுக்குள் கையை விட முடியாது. உங்கள் கணனியில் ஓடியது என்பதும் அப்படித்தான்.

இந்தக் கட்டுரை சி மொழியில் மாறி, லூப், ஃபங்ஷன் எல்லாம் எழுதத் தெரிந்து, அடுத்த கணனியில் போட்டுப் பார்த்து முழிப்பவர்களுக்கு. பக்கத்தில் இருந்து வாயால் சொல்வது போலவே கோட் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு கம்பைலர்

ஒரே கம்பைலரோடு பழகினால் அதன் பழக்கம் எல்லாம் சி மொழியின் சட்டம் என்று நினைத்துக்கொள்வோம். ஆகவே குறைந்தது இரண்டு வேண்டும். லினக்ஸில் ஜிசிசி, கிளாங் இரண்டையும் நிறுவலாம், இரண்டும் இலவசம். விண்டோஸில் எம்சிஸ்2 நிறுவினால் மிங்டபிள்யூ வழியாக ஜிசிசி கிடைக்கும். இடமும் டேட்டாவும் இருந்தால் விசுவல் ஸ்டூடியோவின் கம்யூனிட்டி பதிப்பையும் போடுங்கள். அதன் கம்பைலர் குணத்தில் வேறு ஆள். ஜிசிசி கண்ணை மூடி ஏற்றுக்கொள்ளும் சிலதை அது வாசலிலேயே திருப்பி அனுப்பும். அளவை மாறியில் கொடுத்து அறிவிக்கும் அரே அதற்கு உதாரணம். சி மொழியின் 1999 தரத்தில், அதாவது ஸ்டாண்டர்டில், அது கட்டாயமாக இருந்தது, 2011 தரத்தில் விருப்பம்போல் என்று தளர்த்தப்பட்டது, மைக்ரோசாஃப்ட் கம்பைலர் கடைசிவரை அதை ஏற்கவில்லை. எனவே அதை மறந்துவிடுங்கள். கேட்ட அளவுக்கு நினைவகம் ஒதுக்கித் தரும் மலாக் போதும்.

விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதற்குள் ஓடுவது லினக்ஸ். அங்கே சோதித்துவிட்டு விண்டோஸில் சோதித்தேன் என்று சொன்னால் உங்களை நீங்களே ஏமாற்றுகிறீர்கள்.

அப்புறம் கம்பைலரின் வாயைத் திறந்து விடுங்கள். ஜிசிசிக்கும் கிளாங்குக்கும் நாலு சுவிட்ச்: எஸ்டிடி சமம் சி11, டபிள்யூ ஆல், டபிள்யூ எக்ஸ்ட்ரா, பெடான்டிக். முதலாவது, எந்தத் தரத்துக்கு எழுதுகிறீர்கள் என்று சொல்வது. அதைச் சொல்லாவிட்டால் ஜிசிசி, தரத்தில் இல்லாமல் தானே சேர்த்துக்கொண்ட க்னூ நீட்டல்களையும் சேர்த்தே அனுமதிக்கும். கடைசியாக உள்ள பெடான்டிக், தரத்துக்கு வெளியே நீங்கள் கால் வைக்கும்போது முறைக்கும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் சாய்கோடு டபிள்யூ4, சாய்கோடு எஸ்டிடி முக்காற்புள்ளி சி11. வார்னிங் வந்தால் அது போகும்வரை அடுத்த வரி எழுத வேண்டாம். புதியவர்கள் வார்னிங்கைத் தெருவில் குரைக்கும் நாயைப் போல் கடந்து போகிறார்கள். இதை எழுதும் நானும் அப்படிப் போனவன்தான்.

பழைய ரியூஷன் நோட்ஸ்களில் இன்னமும் கோனியோ ஹெடர், கிளியர்ஸ்கிரீன், வாய்ட் மெயின் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அது டாஸ் காலத்து டர்போ சியின் சொத்து. அங்கே இன்ட் என்றால் 16 பிட். அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, மெயினுக்கு முன்னால் இன்ட் போடப் பழகுங்கள்.

அளவை நீங்களே சொல்லுங்கள்

சி மொழியில் இன்ட், லாங் என்பவற்றுக்குத் தரம் குறைந்தபட்ச அளவை மட்டுமே சொல்கிறது. சரியான அளவு ஒவ்வொரு தளத்தின் விருப்பம். இன்றைய மடிக்கணனிகளில் இன்ட் எல்லா இடத்திலும் 32 பிட் என்பதால் அதில் அவ்வளவாக அடி விழாது. அடி விழுவது லாங்கில். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் 8 பைட். 64 பிட் விண்டோஸில் அதே லாங் 4 பைட். லாங் என்றால் 32 பிட் என்று நம்பி எழுதப்பட்ட பழைய கோட் உடையக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

இது வாடிக் கணக்கில் எங்கே கடிக்கும்? காசை ஃப்ளோட்டில் வைக்கக் கூடாது என்று எங்கோ படித்து, எல்லாவற்றையும் சதக் கணக்கில் லாங் மாறியில் வைத்தேன். நல்ல யோசனைதான். ஆனால் 4 பைட்டுக்குள் அடங்கும் ஆகப் பெரிய எண் 2147483647. சதத்தில் அது 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். இப்போதைய மீன் விலைக்கு ஒரு பெரிய வாடியின் சீசன் மொத்தம் அதைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. தாண்டினால் விண்டோஸில் கணக்கு பெரும்பாலும் சைபருக்குக் கீழே போய் நிற்கும், லினக்ஸில் சரியாக இருக்கும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குறியுள்ள எண், அதாவது சைபருக்குக் கீழேயும் போகக்கூடிய எண், நிரம்பி வழிந்தால் என்ன நடக்கும் என்பதைத் தரம் வரையறுக்கவே இல்லை. கம்பைலர் எதையும் செய்யலாம்.

செய்ய வேண்டியது இலேசானது. எஸ்டிடிஇன்ட் என்ற ஹெடரைச் சேருங்கள். 1999 தரத்தில் வந்தது. அதில் இன்ட்32_டி, இன்ட்64_டி, யூஇன்ட்8_டி என்று பெயரிலேயே அளவு எழுதிய வகைகள் இருக்கின்றன. கோப்பில் எழுதுவது, வலையில் அனுப்புவது, காசுக் கணக்கு ஆகியவற்றுக்கு இவற்றைப் பாவியுங்கள். சும்மா 0 முதல் 100 வரை ஓடும் லூப்புக்கு இன்ட் போதும், அதையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். நினைவகத்தில் உள்ள ஒன்றின் அளவு, அரேயின் நீளம் என்பவற்றுக்கு சைஸ்_டி. லாங் என்ற சொல்லை என் கோட்டில் இப்போது நான் எழுதுவதே இல்லை.

பிரின்ட்எஃப்பில் அச்சிடும்போது இன்னொரு சிக்கல் வரும். இன்ட்64_டி என்பது லினக்ஸில் லாங், விண்டோஸில் லாங் லாங். எனவே எந்தக் குறியைப் போடுவது? அதற்கென்று இன்ட்டைப்ஸ் ஹெடரில் மேக்ரோக்கள் இருக்கின்றன, ஆனால் பார்க்க வடிவில்லை. நான் மாறியை லாங் லாங்குக்கு காஸ்ட் செய்துவிட்டு சதவீதக்குறி எல்எல்டி போடுகிறேன். எங்கும் வேலை செய்யும், வாசிக்கவும் விளங்கும்.

சார் என்ற பொல்லாத வகை

சார் என்பது குறியுள்ளதா, குறியில்லாததா? இதையும் தரம் தளத்திடம் விட்டுவிட்டது. இன்டெல், ஏஎம்டி சிப் உள்ள விண்டோஸிலும் லினக்ஸிலும் சாரின் வீச்சு -128 முதல் 127 வரை. ஆர்ம் சிப்பில் ஓடும் லினக்ஸில், அதாவது ராஸ்பெரி பையில், 0 முதல் 255 வரை. அதே ஆர்ம் சிப் உள்ள புதிய மேக்கில் மறுபடியும் குறியுள்ளது. சிப்பை வைத்தும் சொல்ல முடியாது, இயங்குதளத்தை வைத்தும் சொல்ல முடியாது.

வாடியில் மடிக்கணனிக்குப் பதிலாக ஒரு ராஸ்பெரி பை பெட்டியைச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்தோம். உப்புக் காற்றில் மடிக்கணனியின் விசைகள் ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கியிருந்தன. கோட்டைக் கொண்டுபோய் கம்பைல் செய்து ஓட்டினால், கோப்பை வாசிக்கத் தொடங்கியது, முடிக்கவே இல்லை. பெட்டி சூடாகிக்கொண்டே போனது.

காரணம் ஒரு வரி. கெட்சி ஃபங்ஷன் தரும் மதிப்பை சார் மாறியில் வாங்கி, அது ஈஓஎஃப்பா என்று பார்த்திருந்தேன். கோப்பு முடிந்தது என்று சொல்லும் ஈஓஎஃப் ஒரு எதிர்ம எண், வழக்கமாக -1. குறியில்லாத சாரில் -1 ஐப் போட்டால் 255 ஆகிவிடும். 255 ஒருநாளும் -1 க்குச் சமமாகாது. லூப் முடியாது. இன்டெல் கணனியில் இது தப்பியது அதிர்ஷ்டம் மட்டுமே. அங்கேயும் கோப்புக்குள் உண்மையான 255 பைட் ஒன்று வந்தால், கோப்பு முடிந்துவிட்டது என்று பாதியில் எழும்பிவிடும். கெட்சி தருவது இன்ட். இன்ட் மாறியில் வாங்குங்கள், ஈஓஎஃப் இல்லை என்று உறுதியான பிறகு பைட்டாக மாற்றுங்கள்.

தமிழர்களான எங்களுக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224. குறியுள்ள சாரில் அது -32. அதை அப்படியே இஸ்ஆல்ஃபா, டுஅப்பர் போன்ற சிடைப் ஃபங்ஷன்களுக்குக் கொடுத்தால் நடத்தை வரையறுக்கப்படாதது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் டீபக் முறையில் கம்பைல் செய்திருந்தால் நிரல் பெட்டிச் செய்தி போட்டு நின்றுவிடும். லினக்ஸில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, அதுதான் இன்னும் மோசம். இந்த ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும் முன் அன்சைன்ட் சாருக்கு காஸ்ட் செய்யுங்கள். ஆங்கிலம் மட்டும் தட்டிச் சோதிக்கிறவர்கள் இந்தப் பிழையைக் காணவே மாட்டார்கள். நாங்கள் முதல் நாளே காண்போம்.

கோப்பு: பாரை எப்படி வளர்ந்தது

இப்போது அந்த மீனுக்கு வருவோம். உண்மையில் அந்தப் பாரை 2 கிலோ 600 கிராம். 2600 என்பது பத்து 256 களும் மிச்சம் 40 உம். நினைவகத்தில் சிறிய பைட் முதலில் வரும் கணனியில் அது 40, 10, 0, 0 என்று நாலு பைட்டாக இருக்கும். அதை எஃப்ரைட் கொண்டு கோப்பில் எழுதினேன். கோப்பை எஃப்ஓப்பனில் ஏ என்ற முறையில் திறந்திருந்தேன்.

விண்டோஸில் ஏ என்றால் எழுத்துக் கோப்பு. எழுத்துக் கோப்பில் வரி முடிவு என்பது 13, 10 என்ற இரண்டு பைட். லினக்ஸிலும் மேக்கிலும் வெறும் 10. சி நூலகம் உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, நீங்கள் எழுதும் ஒவ்வொரு 10 க்கும் முன்னால் ஒரு 13 ஐச் செருகும். அது வரி முடிவா, மீனின் எடையா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே கோப்பில் விழுந்தது 40, 13, 10, 0, 0. ஐந்து பைட்.

வாடியில் வாசிக்கும்போது அதே நூலகம் 13 ஐ எடுத்துவிட்டுக் கொடுத்தது, கணக்குச் சரி. என் லினக்ஸ் எதையும் எடுக்காது. முதல் நாலு பைட்டை அப்படியே எடுத்தது: 40, 13, 10, 0. 13 ஐ 256 ஆலும் 10 ஐ 65536 ஆலும் பெருக்கி 40 ஐக் கூட்டிப் பாருங்கள், 658728. பாரை பிடிபட்டது. மிஞ்சிய ஒற்றைச் சைபர் அடுத்த மீனின் தலையில் போய் ஒட்டியது. ஒன்றரைக் கிலோ விளைமீன் 256 மடங்காகி 384 கிலோ ஆனது. அதற்குப் பிறகு வந்த எல்லா மீனும் ஒரு பைட் தள்ளி.

எழுத்துக் கோப்பு முறையில் விண்டோஸிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. வாசிக்கும்போது 26 என்ற பைட் வந்தால் கோப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். டாஸ் காலத்துக் கன்ட்ரோல் இசட் பழக்கம். 1 கிலோ 50 கிராம் மீன் ஒன்று வந்தால் போதும். 1050 இல் நாலு 256 போக மிச்சம் 26. அந்த மீனோடு அன்றைய கணக்கு முடிந்தது.

தீர்வின் முதல் பாதி ஒரே எழுத்து. வாசிக்க ஆர்பி, எழுத டபிள்யூபி, சேர்க்க ஏபி. அந்த பி லினக்ஸில் எதையும் மாற்றாது, விண்டோஸில் எல்லாவற்றையும் மாற்றும். மனிதர் வாசிக்கும் கோப்பு இல்லையென்றால் பி போடுங்கள்.

இரண்டாம் பாதி, எஃப்ரைட்டுக்கு மாறியையோ ஸ்ட்ரக்டையோ முழுதாகக் கொடுக்கும் பழக்கத்தை விடுவது. ஒரு சாரும் ஒரு இன்ட்32_டியும் உள்ள ஸ்ட்ரக்ட் 5 பைட் என்றுதான் தோன்றும். சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான கணனிகளில் 8 வரும். இன்ட் நாலின் மடங்கான இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக கம்பைலர் நடுவில் 3 வெற்றுப் பைட்டை வைக்கிறது. எத்தனை வைப்பது என்பது தளத்தைப் பொறுத்தது. அதோடு பைட்டுகளின் வரிசையும் கணனிக்குக் கணனி மாறலாம். இன்டெல்லும் இன்றைய ஆர்ம் கணனிகளும் சிறிய பைட்டை முதலில் வைக்கின்றன. ஐபிஎம் மெயின்பிரேம் போன்றவை பெரியதை முதலில் வைக்கின்றன, இணைய நெறிமுறைகளும் அப்படியே.

எனவே பைட் பைட்டாக நீங்களே எழுதுங்கள். நாலு இடமுள்ள அன்சைன்ட் சார் அரே ஒன்றை எடுங்கள். எடையை யூஇன்ட்32_டி மாறியில் வையுங்கள். அரேயின் முதல் இடத்தில் எடையையும் 255 ஐயும் ஆன்ட் செய்து வருவதைப் போடுங்கள். இரண்டாவதில் எடையை 8 பிட் வலப்பக்கம் நகர்த்தி அதே ஆன்ட். மூன்றாவதில் 16, நாலாவதில் 24. பிறகு அரேயை எழுதுங்கள். வாசிக்கும்போது தலைகீழாக, ஒவ்வொரு பைட்டையும் 0, 8, 16, 24 பிட் இடப்பக்கம் நகர்த்தி ஆர் செய்யுங்கள். இங்கே ஒரு நுணுக்கம்: நகர்த்தும் முன் பைட்டை யூஇன்ட்32_டிக்கு காஸ்ட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அன்சைன்ட் சார் தானாக இன்ட் ஆகி, 200 போன்ற எண்ணை 24 பிட் நகர்த்தும்போது குறி பிட்டில் முட்டும். அது மறுபடியும் வரையறுக்கப்படாத நடத்தை.

இந்தக் கணனி சிறிய பைட் முதல் வகையா என்று கண்டுபிடிக்கும் கோட் இணையத்தில் நிறையக் கிடக்கும். வேண்டாம். மேலே சொன்னபடி எழுதினால் அந்தக் கேள்வியே எழாது. கோப்பு சின்னதாக இருந்தால் இன்னும் இலேசான வழி, எடைகளை வரிக்கு ஒன்றாக எழுத்திலேயே எழுதுவது. வாடிக் கோப்பை நான் கடைசியில் அப்படித்தான் மாற்றினேன். நோட்பேடில் திறந்து வாடிக்காரரே பார்க்கலாம். வாசிக்கும்போது வரிக் கடைசியில் 13 இருந்தால் தள்ளிவிடுங்கள், போதும்.

கோப்புப் பெயரைப் பற்றியும் சுருக்கமாக. பாதையில் முன்சாய்கோடு விண்டோஸிலும் வேலை செய்யும், பின்சாய்கோட்டைக் கோட்டில் எழுதத் தேவையில்லை. பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும். விண்டோஸும் வழக்கமான மேக்கும் பெரிய எழுத்து, சிறிய எழுத்தை ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. ஹெடர் பெயரில் ஒரு எழுத்துப் பெரிதாக இருந்ததால் லினக்ஸில் கம்பைல் ஆகாமல் தலையைப் பிய்த்தவர்கள் ஏராளம்.

திருகோணமலைக்கு எத்தனை எழுத்து?

எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டி எஸ்டிஆர்லென் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்து. குறியீடுகள் பத்து, ஏனென்றால் தி, ரு, கோ, லை நான்கிலும் மெய்க்கு ஒன்று உயிர்க்குறிக்கு ஒன்று. பைட்டுகள் முப்பது. எஸ்டிஆர்லென் சொல்வது அந்த முப்பதை. பெயருக்கு 20 இடமுள்ள அரே ஒதுக்கினால் ஊர் பாதியில் அறுந்துபோகும், இல்லையென்றால் அடுத்தவன் நினைவகத்தில் எழுதிவிடுவீர்கள். கோ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கே போய்வந்த ஊர்ப் பெயர் 33 பைட். பார்வைக்கு ஒன்றே, எஸ்டிஆர்சிஎம்பிக்கு இரண்டும் வேறு.

என் வழி இது: நிரலுக்குள் எல்லாத் தமிழும் யூடிஎஃப்-8, சாதாரண சார் அரேயில். டபிள்யூசார்_டியைத் தொட வேண்டாம், அது விண்டோஸில் 2 பைட், லினக்ஸில் 4. விண்டோஸ் கன்சோலில் தமிழ் தெரிய நிரலின் தொடக்கத்தில் செட்கன்சோல்அவுட்புட்சிபி என்பதை 65001 என்ற எண்ணோடு அழையுங்கள். அதற்குப் பிறகும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் குற்றம் எழுத்துருவில். கோப்பின் பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்பட்டால், விண்டோஸின் எஃப்ஓப்பன் இயல்பாக, மொழிக்கு ஒரு எழுத்து அட்டவணை என்ற பழைய கோட் பேஜ் முறையில் பெயரை வாசிக்கும், அதற்குப் பாவிக்கத் தமிழுக்கென்று ஒரு கோட் பேஜ் கிடையாது. டபிள்யூஎஃப்ஓப்பன் என்ற வேறு ஃபங்ஷன் தேவைப்படும். உள்ளடக்கம் தமிழில், கோப்புப் பெயர் ஆங்கிலத்தில் என்று சமாளியுங்கள்.

தளத்தின் வேலைகளை ஒரு மூலைக்கு ஒதுக்குங்கள்

சில வேலைகளுக்கு சி மொழியின் தரத்தில் எங்கும் நம்பிப் பாவிக்கக்கூடிய ஃபங்ஷன் இல்லை. கோப்புறை உருவாக்குவது, சற்று நேரம் காத்திருப்பது, கோப்புறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது போன்றவை. இங்கே தளத்துக்குத் தளம் வேறு வேறு கோட் எழுதத்தான் வேண்டும். அதை எங்கே எழுதுகிறீர்கள் என்பதில்தான் பின்னால் நிம்மதி இருக்கிறது.

காத்திருப்பதை எடுங்கள். லினக்ஸில் ஸ்லீப், விண்டோஸிலும் ஸ்லீப், ஆனால் முதல் எழுத்துப் பெரியது. லினக்ஸில் 5 என்றால் ஐந்து வினாடி. விண்டோஸில் 5 என்றால் ஐந்து மில்லி வினாடி. எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை மாற்றாதவர் நிரல் ஏன் பறக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

இன்னும் பொல்லாதது ரினேம். இது தரத்தில் உள்ள ஃபங்ஷன்தான், ஆனால் புதிய பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் என்ன செய்வது என்பதைத் தரம் சொல்லவில்லை. லினக்ஸ் பழையதை மாற்றிவிடும். விண்டோஸ் மறுத்துவிடும். மின்வெட்டு வந்தாலும் கணக்கு அழியக் கூடாது என்று, புதிய கணக்கைத் தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றும் வழக்கம் ஒன்று உண்டு. நல்ல வழக்கம். ஆனால் லினக்ஸில் எழுதிய அந்தக் கோட் விண்டோஸில் முதல் நாள் வேலை செய்யும், இரண்டாம் நாளிலிருந்து சேமிக்காது. ரினேம் திருப்பித் தரும் எண்ணைப் பார்க்காதவருக்கு அது தெரியவும் வராது. விண்டோஸில் இதற்கு மூவ்ஃபைல்எக்ஸ் என்பதை, பழையதை மாற்று என்ற கொடியோடு அழைக்க வேண்டும்.

ஆகவே ஒரு ஹெடர் கோப்பு. அதில் உங்களுக்குத் தேவையான நாலைந்து ஃபங்ஷனின் அறிவிப்பு மட்டும், உங்கள் சொந்தப் பெயரில்: மில்லி வினாடி காத்திரு, கோப்பை மாற்றி வை, கோப்புறை உருவாக்கு. அதற்கு இரண்டு சி கோப்பு, ஒன்று விண்டோஸுக்கு, மற்றது லினக்ஸுக்கும் மேக்குக்கும். எதைக் கம்பைல் செய்வது என்று, கம்பைல் வேலையை நடத்தும் கருவியான சிமேக்கின் கோப்பில் சொல்லிவிடுங்கள். மற்றக் கோட் முழுவதும், இந்தத் தளமென்றால் இந்த வரி என்று பிரிக்கும் இஃப்டெஃப் இல்லாமல் சுத்தமாக இருக்கும். வரிக்கு வரி இஃப்டெஃப் தெளித்த நிரலை ஆறு மாதம் கழித்து வாசிப்பதைவிட முள்ளுள்ள மீனை இருட்டில் தின்னலாம்.

இஃப்டெஃப் எழுதியே ஆக வேண்டிய இடத்தில் பெயர்களைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அடிக்கோடு வின்32 என்பது 64 பிட் விண்டோஸிலும் இருக்கும், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேக் யூனிக்ஸ் குடும்பம்தான், ஆனால் யூனிக்ஸ் என்ற மேக்ரோ அங்கே வரையறுக்கப்பட்டிருக்காது. அதற்கு ஆப்பிள் என்ற மேக்ரோவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னும் சில்லறைகள்: உள்ளூர் மாறியாகப் பெரிய அரே வைக்காதீர்கள், விண்டோஸில் ஸ்டாக் இயல்பாக 1 எம்பி, லினக்ஸில் வழக்கமாக 8. ரேன்ட் தரும் ஆகப் பெரிய எண் மைக்ரோசாஃப்ட் நூலகத்தில் 32767 மட்டுமே. வட்டக் கணக்கில் வரும் பையின் (3.14) மதிப்புக்கான எம்_பிஐ தரத்தில் கிடையாது, நீங்களே வரையறுத்துக்கொள்ளுங்கள்.

நேரம்

இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5:30 கூட என்று கோட்டில் எழுதி வைக்கத் தோன்றும். 1996 மே மாதம் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி 6:30 ஆக்கினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் 6:00. பிறகு 2006 ஏப்ரலில்தான் மறுபடியும் 5:30. பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டுக் கேட்டுப் போன காலம் வீட்டில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எனவே கோப்பில் உலகப் பொது நேரத்தை இன்ட்64_டியில் வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் லோக்கல்டைம் கொண்டு மாற்றுங்கள்.

64 பிட் எதற்கு? பழைய 32 பிட் லினக்ஸ்களில் டைம்_டி 32 பிட். 1970 இலிருந்து எண்ணிக்கொண்டுவரும் வினாடி அதற்குள் அடங்குவது 2038 ஜனவரி 19 வரை, எங்கள் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி வரை.

சோதித்துப் பார்ப்பது

நாலு கணனி வாங்கத் தேவையில்லை. கோட்டைக் கிட்ஹப்பில் வைத்தால், அதன் ஆக்ஷன்ஸ் வசதி ஒவ்வொரு முறை மாற்றம் அனுப்பும்போதும் உபுண்டு, விண்டோஸ், மேக் மூன்றிலும் கம்பைல் செய்து சோதனைகளை ஓட்டித் தரும். பொதுவில் திறந்த திட்டத்துக்கு இலவசம். மேக்கையே கையால் தொடாமல் மேக்கில் என் நிரல் ஓடுகிறது என்று இப்படித்தான் நான் சொல்லிக்கொள்கிறேன்.

லினக்ஸில் ஓட்டும்போது எஃப்சானிடைஸ் சுவிட்சில் அட்ரெஸ், அன்டிஃபைன்ட் இரண்டையும், கூடவே ஜி சுவிட்சையும் போடுங்கள். அரேக்கு வெளியே எழுதினாலும், குறியுள்ள எண் வழிந்தாலும், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று நேரே சொல்லும். நிரல் மெதுவாகும், சோதனைக்கு அது பரவாயில்லை. எஃப்அன்சைன்ட்-சார் என்ற சுவிட்சும் ஜிசிசியில் உண்டு. ராஸ்பெரி பை இல்லாமலே சாரைக் குறியில்லாததாக்கி ஓட்டிப் பார்க்கலாம். அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பெட்டியை அன்று அவ்வளவு சூடாக்கியிருக்க மாட்டேன்.

பைட் வரிசை சரியா என்று பார்க்க ஆசையிருந்தால், வேறு வகைக் கணனி போல் நடிக்கும் நிரலான கியூஎம்யூவை நிறுவி, எஸ்390எக்ஸ் என்ற ஐபிஎம் மெயின்பிரேம் வகைக்கு கம்பைல் செய்து ஓட்டலாம். உபுண்டுவில் அதற்கான கம்பைலர் பொதியாகவே கிடைக்கிறது. முதலில் 2600 என்ற எடையை எழுதிய கோப்பை உங்கள் கணனியில் உருவாக்குங்கள், அதை அங்கே வாசியுங்கள். 2600 வந்தால் வாசிப்புச் சரி. 671744000 வந்தால், எங்கோ ஒரு எஃப்ரீட், அதாவது வாசிக்கும் ஃபங்ஷன், இன்னும் மாறியை முழுதாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. தேடிப் பிடியுங்கள்.